குதிரை முதுகுக்கு ஒட்டுகிற டேப்: ஆறு வாரம் ஒட்டிப் பார்த்ததில்

கிரிக்கெட் ஆடுகிறவர்கள் தோளிலும் முட்டியிலும் நீலமும் ரோஸுமாகப் பட்டை பட்டையாக ஒட்டியிருப்பார்களே, கினீசியாலஜி டேப், அதையேதான் அகலத்தைக் கூட்டி, பசையையும் கூட்டி, குதிரைக்கென்று விற்கிறார்கள். தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் பவுனு என்று ஒரு கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்பு ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் பிடித்தது. அதன் முதுகு வலிக்குத்தான் இதை வாங்கினேன்.

வலி என்று தெரியவே எனக்கு நாளாகிவிட்டது. சேணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனாலே காதைப் பின்னால் மடக்கும், வாரை இழுத்துக் கட்டும்போது திரும்பிக் கடிக்க வரும். சேட்டை கூடிப்போச்சு என்று நானும் அதட்டிக்கொண்டுதான் இருந்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் தேய்த்துவிடும்போது முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தேன், சேணம் உட்காரும் இடம் வந்ததும் வெடுக்கென்று முதுகைத் தாழ்த்திக்கொண்டது. அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். நேராக நடக்க விட்டு, கயிற்றில் வட்டமாக ஓட விட்டு, பின்னங்கால்களை மடக்கிப் பார்த்து, லாடத்தையும் விடாமல் பார்த்தார் (பின்னங்காலில் நோவு இருந்தாலும் முதுகு பிடித்துக்கொள்ளுமாம்). சதைப்பிடிப்பாகத்தான் தெரிகிறது என்று வலி மருந்து கொடுத்து, ஒரு மாதம் யாரும் மேலே ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். டேப் ஒட்டலாமா என்று கேட்டதற்கு, "ஒட்டுங்க, புண்ணு இருக்கிற இடத்துல மட்டும் வேண்டாம். ஆனா அதுல மருந்துன்னு ஒண்ணும் கிடையாதுங்க" என்றார்.

அது உண்மைதான். கென்சோ காசே என்ற ஜப்பான்காரர் 1970-களில் மனுஷனுக்காகக் கொண்டுவந்தது இது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வீரர்கள் ஒட்டிக்கொண்டு ஆடியதைப் பார்த்துத்தான் உலகம் முழுக்கப் பரவியது. நீண்டு சுருங்குகிற பருத்தித் துணி, சூடு பட்டால் பிடிக்கிற அக்ரிலிக் பசை, அவ்வளவுதான் சரக்கு. ஒட்டிய இடத்தில் துணி சுருங்கும்போது தோலை லேசாகத் தூக்கி, ரத்த ஓட்டத்துக்கு வழிவிடும், வலி குறையும் என்பார்கள். குதிரைக்குத் தோலுக்கும் பசைக்கும் நடுவில் மயிர் அல்லவா இருக்கிறது, எதைத் தூக்குவது என்று எனக்குச் சந்தேகம். ஆனால் ஒற்றை ஈ உட்கார்ந்தாலே அந்த இடத்துத் தோலை மட்டும் உதறத் தெரிந்த மிருகம் அது, மயிர் இழுபடுவதும் அதற்கு உறைக்கத்தான் செய்யும் என்றும் தோன்றியது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், குதிரைகளின் வயிற்றுத் தசையில் இதை ஒட்டி, ஓடவிட்டு அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2020-இல் வந்தது, முதுகு வளைந்து நிமிர்வதில் எந்த மாற்றமும் இல்லை என்றுதான் அதில் இருந்தது. இதெல்லாம் தெரிந்தும் ஏன் வாங்கினாய் என்றால், குதிரை வலியில் நிற்கும்போது சும்மா இருக்க முடியவில்லை.

ஆன்லைனில் முதலில் வாங்கிய கடைக்காரர் படத்தில் அகல டேப்பைக் காட்டிவிட்டு அனுப்பியது 5 சென்டிமீட்டர், மனுஷனுக்கு ஒட்டுகிற அதே டேப், அட்டையில் மட்டும் குதிரைப் படம். காலை நேரத்தில் ஒட்டினால் மத்தியானம் கீழே கிடந்தது. இரண்டாவது இடத்தில் 10 சென்டிமீட்டர் அகலத்தில் வாங்கினேன், விலை சுருக்கென்று இருந்தாலும் பசை உண்மையிலேயே வேறு ரகம்.

ஒட்டுவதில்தான் வேலை இருக்கிறது. நம் பக்கம் மினுமினுப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் உண்டே, அது துளி இருந்தாலும் டேப் நிற்காது. முதல் நாளே ஷாம்பூ போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, மயிர் போகிற திசையிலேயே பிரஷ் போட வேண்டும். டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முனையிலிருந்து உரியும். பையனைக் கேரட்டோடு முன்னால் நிறுத்தி, குதிரை தலையை முன்னங்கால்களுக்கு நடுவே தாழ்த்தும்படி செய்தால் முதுகு மேலே எழும்பும், அப்போதுதான் ஒட்ட வேண்டும். இரண்டு முனையிலும் மூன்று விரல் அளவுக்குத் துளிகூட இழுக்கக் கூடாது, நடுவில் மட்டும் லேசான இழுவை. அப்புறம் உள்ளங்கையால் சூடு ஏற நன்றாகத் தேய்த்துவிட வேண்டும். எலும்பின் மேலே ஒட்டாமல், இரண்டு பக்கத்துச் சதையில் பக்கத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் ஒட்டினேன்.

ஐந்து நாள் வரை நிற்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. எங்களுக்குச் சராசரியாக ஒன்றரை நாள். சித்திரை வெயிலில் வேர்வை ஒரு பக்கம், மண்ணில் புரள்வது மறு பக்கம், அவிழ்த்துவிட்டதும் பவுனு செய்கிற முதல் வேலை புரள்வதுதான், ஒரு தடவை பிய்ந்த டேப்பைத் தென்னை மட்டையில் ஒட்டிய நிலையில் கண்டுபிடித்தேன். பிரிக்கும்போதும் அவசரம் வேண்டாம். முதல் தடவை பிளாஸ்திரி மாதிரி வெடுக்கென்று இழுத்து உதை வாங்கப் பார்த்தேன், எண்ணெய் விட்டு ஊறவைத்து மயிர் போகிற பக்கமாகவே உரித்தால் தொந்தரவு இல்லை.

சரி, வலி குறைந்ததா? ஒட்டிய அரை மணி நேரத்தில் நிம்மதியாகத் தலையைத் தாழ்த்தி, உதட்டைத் தொங்கவிட்டு நின்றது, அழுத்தினால் முன்பு போல முதுகைத் தாழ்த்தவில்லை. மறுநாள் டேப் விழுந்ததும் பழையபடி. மூன்றாவது வாரம்தான் நன்றாகத் தேறியது, ஆனால் அதற்குள் மருந்து, ஓய்வு, தினமும் கையால் தேய்த்தது எல்லாமே சேர்ந்துவிட்டதால் இதற்கு டேப்பைப் பாராட்ட என் மனசு ஒப்பவில்லை.

அப்பாரு தினமும் கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். காங்கேயம் காளை பூட்டி உழுத மனுஷன். ஒரு நாள் கேட்டார், "ஏங்கண்ணு, நொகம் சரியில்லாம மாட்டுக்குக் கழுத்துல காய்ப்பு வந்தா, பிளாஸ்திரி ஒட்டுவியா, நொகத்தச் செதுக்குவியா?"

சேணத்தை வெறும் முதுகில் வைத்துப் பார்த்தேன். பழைய அகலக் குதிரைக்கு வாங்கிய சேணம், பவுனு ஒல்லி. முன்பக்கம், கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்து மேட்டு எலும்புக்கும் சேணத்துக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகவில்லை, பின்பக்கம் கடைசி விலா எலும்பையும் தாண்டி உட்கார்ந்திருந்தது. நான் வேறு மெத்தென்று இருக்கட்டும் என்று ஃபோம் வைத்து இன்னும் இறுக்கியிருக்கிறேன். மேட்டுக்குப் பக்கத்தில் நாலைந்து வெள்ளை மயிர் முளைத்திருந்தது, அழகுக்கு வந்தது என்று நினைத்திருந்தேன், அது சேணம் அழுத்தி வந்ததாம். புதுச் சேணம் போட்டு ஒன்றரை மாதம் ஆகிறது, காது மடக்குவது நின்றுவிட்டது.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன். நீண்ட சவாரிக்கு மறுநாள், குதிரை கட்டுத்தறியில் நிற்கும்போது ஒட்டிவிடலாம், சேணத்துக்கு அடியில் ஒட்டவே வேண்டாம், உரசிச் சுருண்டு அதுவே புண்ணாக்கும். கோடையில் வாங்காதீர்கள். அந்த முதல் 5 சென்டிமீட்டர் சுருளை என் முட்டிக்கு ஒட்டிக்கொண்டேன், நாலு நாள் அசையாமல் நின்றது.