குளூட்டமேட் ஏற்பி எங்கே இருக்கிறது: பிலிமைக் கேட்பதா, தங்கத் துகளைக் கேட்பதா?

தர்மபுரியில் மருத்துவம் படிக்கும் அக்கா மகள் ஸ்லைடு தயார் செய்துகொண்டே கேட்டாள்: "மாமா, மூளைப் புறணியோட மேலடுக்குலதான் குளூட்டமேட் ஏற்பி அதிகம்னு ஒரு புத்தகம் சொல்லுது, டென்ட்ரைட் முள்ளோட தலையில இருக்குன்னு இன்னொண்ணு சொல்லுது. எது சரி?"

ரெண்டும் சரிதான். பார்த்த விதம் வேறு. குளூட்டமேட் என்பது நரம்புசெல்கள் (நியூரான்கள்) ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் வேதிப்பொருள், அதைப் பிடிக்கிற புரதம்தான் ஏற்பி. டென்ட்ரைட் என்பது சேதி வாங்கும் கிளை, முள் அதன் மேல் இருக்கும் சின்னப் புடைப்பு.

முதலாவது ஆட்டோரேடியோகிராபி. உறைந்த மூளையை மெல்லிசாகச் சீவி, டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய மருந்தை அதிலுள்ள ஏற்பிகளில் ஒட்டவிட்டு, பிலிமோடு சேர்த்து வாரக்கணக்கில் இருட்டில் வைத்தால் ஏற்பி மிகுந்த இடம் கறுக்கும். 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள புறணியின் ஆறு அடுக்குகளும் ஒரே பார்வையில் விழும். குளூட்டமேட் ஏற்பி வகைகளில் ஆம்பா, என்எம்டிஏ இரண்டும் பெரும்பாலும் மேல் அடுக்குகளில் அடர்த்தி, கைனேட் 5, 6-ஆம் அடுக்குகளில். கறுப்பின் அளவை வைத்து எவ்வளவு என்றுகூட கணக்குச் சொல்லலாம். ஆனால் எந்த செல், சினாப்ஸின் (ரெண்டு நரம்புசெல் சந்திக்கும் இடம்) எந்தப் பக்கம் என்று கேட்டால் பதில் வராது. கிருஷ்ணகிரி மலைக்கோட்டையில் ஏறி நின்று பார்த்தால் மாந்தோப்பு எங்கே அடர்ந்திருக்கிறது என்று தெரியும், காய் எந்தக் கிளையில் தொங்குகிறது என்று தெரியுமா?

கிளையைக் காட்டுவது தங்கத் துகள். சில நானோமீட்டர் அளவுள்ள துகளை, ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒட்டி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். ஆம்பாவும் என்எம்டிஏவும் முள்ளின் தலையில் சினாப்ஸிலேயே இருக்க, எம்குளூஆர்5 என்ற இன்னொரு வகை அதன் ஓரத்தைச் சுற்றி நிற்பது இதில்தான் தெரியும். தொல்லையும் உண்டு: திசுவைப் பதப்படுத்தும்போது சினாப்ஸின் அடர்ந்த புரதக் கூட்டத்துக்குள் ஆன்டிபாடி நுழைய முடியாமல் போகலாம், இருக்கிற ஏற்பியே இல்லாதது போலத் தோன்றும். பார்க்கிற இடமும் துளியூண்டு.

ஏற்பியைத் தேடாமல், அதைச் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் எம்ஆர்என்ஏவைத் தேடுகிற மூன்றாவது வழியும் இருக்கிறது, இந்தக் கேள்விக்கு நான் அதை நம்பமாட்டேன். 5-ஆம் அடுக்கில் உடலை வைத்திருக்கும் பிரமிட் நியூரானின் கிளை முதல் அடுக்கு வரை நீளும். எம்ஆர்என்ஏ பெரும்பாலும் கீழே உடலில், ஏற்பி மேலே. பெங்களூரா மாமரத்தின் அடி ஒரு நிலத்தில், காய் வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் தொங்குகிற கதைதான்.

பகுதிக்குப் பகுதி, அடுக்குக்கு அடுக்கு ஒப்பிட வேண்டுமா, பிலிம்தான். சினாப்ஸில் என்ன நடக்கிறது என்று பேச வேண்டுமா, தங்கம்தான்.

அவள் ரெண்டு படத்தையும் ஒரே ஸ்லைடில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிட்டாள். சரி, ஆனால் அளவுக்கோடு ரெண்டிலும் இல்லை. முதலில் அதைப் போடச் சொன்னேன்.