ஸோட்டெரோவுடன் எட்டு ஆண்டுகள்: மருத்துவக் கட்டுரைக்கு மேற்கோள் பட்டியல் அமைத்த அனுபவம்

முதுநிலைப் படிப்பின் ஆய்வேட்டில் இருந்த 142 மேற்கோள்களுக்கும் நான் கையாலேயே எண்ணிட்டேன். எல்லாம் முடிந்த பிறகு, அறிமுகப் பகுதியில் ஒரே ஒரு கட்டுரையைச் சேர்க்கும்படி வழிகாட்டிப் பேராசிரியர் சொன்னார். அது 4 என்ற எண்ணில் வந்து அமர்ந்ததால், அதற்குப் பின்னால் இருந்த 139 எண்களையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதாயிற்று. அவற்றில் இரண்டை மாற்ற மறந்ததை வாய்மொழித் தேர்வன்று தேர்வாளர்தான் கண்டுபிடித்தார். அந்த வாரமே, மேற்கோள்களைச் சேமித்து எண்ணிட்டுப் பட்டியலாக்கித் தரும் ஸோட்டெரோ என்ற மென்பொருளை நிறுவினேன். அதன்பின் எழுதிய எல்லாக் கட்டுரைகளுக்கும் அதையே பயன்படுத்தி வருகிறேன்.

மருத்துவ இதழ்கள் பெரும்பாலும் பின்பற்றும் வான்கூவர் முறை, 1978-இல் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடிப் பேசியதிலிருந்து தொடங்கியது. கட்டுரையில் முதலில் வருவது 1, அடுத்தது 2 என்பதுதான் அதன் அடிப்படை. ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் இதழுக்கு இதழ் நடைமுறை மாறும். ஆசிரியர்கள் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் ஆறு பெயர்களைக் கொடுத்து ‘எட் அல்’ (‘மற்றும் பிறர்’) போடுவது ஒரு வழக்கம். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழும், ஜாமா என்ற அமெரிக்க மருத்துவச் சங்க இதழும் மூன்று பெயர்களோடு நிறுத்தச் சொல்கின்றன. 284-7 என்று பக்க எண்ணைச் சுருக்கும் இதழும் உண்டு, 284-287 என்று முழுமையாகக் கேட்கும் இதழும் உண்டு. ஒரு கட்டுரை ஓர் இதழில் நிராகரிக்கப்பட்டு அடுத்த இதழுக்குப் போகும்போது இத்தனையையும் கையால் மாற்றுவது இரண்டு நாள் வேலை. ஸோட்டெரோவில் ஆவண அமைப்பைத் திறந்து இதழின் பாணியைத் தேர்ந்தெடுத்தால், தேநீர் ஆறுவதற்குள் பட்டியல் மாறிவிடும். இந்த ஒன்றுக்காகவே அதை விடாமல் வைத்திருக்கிறேன்.

இருந்தாலும் அது மாற்றித் தராத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடைப்புக்குறிக்குள் முற்றுப்புள்ளிக்கு முன்னால் எண் வரும் பாணியிலிருந்து, முற்றுப்புள்ளிக்குப் பின்னால் மேலெழுத்தாக எண் வரும் பாணிக்கு மாறும்போது, எண்ணின் வடிவம் மாறுமே தவிர புள்ளியின் இடம் மாறாது. ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிக்கும் போய் நாமேதான் அதை நகர்த்த வேண்டும்.

மென்பொருள் வடிவத்தை மட்டுமே பார்த்துக்கொள்ளும், உள்ளே போகும் தரவுக்கு நாம்தான் பொறுப்பு என்பதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை ஒன்றை ஒருமுறை நானே தட்டச்சு செய்து சேர்த்தேன். நிறுவனத்தின் பெயரை ஒற்றைப் புலமாக (விவரம் நிரப்பும் கட்டமாக) மாற்றாமல், மனிதர் பெயரைப் போல முன்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு புலங்களில் விட்டுவிட்டேன். பட்டியலில் அது ‘ஆர்கனைசேஷன் டபிள்யூ.எச்.’ என்று அச்சானது. திறனாய்வாளர் அதை மேற்கோள் காட்டி அருகே ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். ஆசிரியர் புலத்தின் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானை ஒரு முறை அழுத்தியிருந்தால் போதும்.

அதன் பிறகு, மருத்துவக் கட்டுரைகளின் இணையத் தரவுத்தளமான பப்மெட்டில் இருக்கும் கட்டுரை என்றால் அதன் பப்மெட் எண்ணைக் கொடுத்தே சேர்க்கிறேன். அப்படிச் சேர்த்தால் தலைப்பும் இதழ்ப் பெயரின் சுருக்கமும் அநேகமாகத் திருத்தம் தேவைப்படாமல் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையாகத் தரப்படும் டி.ஓ.ஐ. எண் வழியாகச் சேர்க்கும்போது, தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்குவது அடிக்கடி நேர்கிறது. அதை வாக்கிய நடைக்கு மாற்றும் வசதி உண்டு என்றாலும், ஊர்ப் பெயர்களின் முதலெழுத்தும் சேர்ந்து சிறிதாகிவிடுவது உண்டு என்பதால் கண் போட்டுப் பார்க்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற தொல்லையே இல்லாத மொழியில் பிறந்துவிட்டு இதற்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். நுண்ணுயிரிகளின் பெயரைச் சாய்வெழுத்தாக்கவும் தலைப்புப் புலத்திலேயே அதற்கான குறியை இட வேண்டும். வேர்டில் சாய்த்தால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும்.

நம் பெயர்களின் சிக்கல் தனி. முருகன் என்பவரின் தந்தை குமரேசன் என்று வைத்துக்கொள்வோம். இதழின் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். அவர் தந்தையின் பெயரை அங்கே எழுதினால், உலகத்துக்கு அவர் ‘குமரேசன் எம்.’ ஆகிவிடுவார். அடுத்த கட்டுரையில் தலைப்பெழுத்தோடு எழுதினால் ‘முருகன் கே.’ ஆவார். தெரிந்தவராயிற்றே என்று திருத்தத் தோன்றும், திருத்தக்கூடாது. கட்டுரையில் அச்சான வடிவத்தை அப்படியே கொடுப்பதுதான் முறை. என் கட்டுரைகளிலும் ஒன்று அப்பாவின் பெயரில்தான் பப்மெட்டில் கிடக்கிறது. மருத்துவக் கல்லூரி வாசலைக்கூட மிதிக்காத அவரை இரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் தரும், 2012-இல் தொடங்கிய ஆர்கிட் எண்ணை இளம் மருத்துவர்கள் முதல் கட்டுரைக்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது.

இணை ஆசிரியர்களுடன் எழுதும்போது இன்னொரு தொல்லை வரும். ஸோட்டெரோவில் அவரவர் சேமித்து வைத்த சொந்த நூலகத்திலிருந்து மேற்கோள் செருகினால், ஒரே கட்டுரையை மென்பொருள் இரண்டாக எண்ணும். எங்கள் வரைவு ஒன்றில் ஒரே கட்டுரை 9 ஆகவும் 23 ஆகவும் நின்றது. இப்போது குழு நூலகம் ஒன்றைத் திறந்து, எல்லாரும் அதிலிருந்து மட்டுமே செருக வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். இலவசமாகக் கிடைக்கும் 300 எம்.பி. இணைய இடம் பி.டி.எஃப்.களுக்குச் சீக்கிரமே போதாமல் போகும். விவரங்களை மட்டும் ஒத்திசைத்தால் பிரச்சினை இல்லை.

அட்டவணைக்குள் மட்டும் வரும் மேற்கோளுக்கு, அந்த அட்டவணை உரையில் முதலில் குறிப்பிடப்படும் இடத்தை வைத்துத்தான் எண் தர வேண்டும். அட்டவணைகளைக் கட்டுரையின் கடைசியில் வைத்தால் ஸோட்டெரோ அவற்றுக்குக் கடைசி எண்களைத் தரும். ஆகவே வரைவு முடியும்வரை, அட்டவணையைக் குறிப்பிடும் பத்தியின் அடியிலேயே அதை வைத்திருந்து, இறுதியில்தான் பின்னால் கொண்டுபோகிறேன்.

நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பற்றிய எச்சரிக்கை. 2019 முதல் ‘ரிட்ராக்‌ஷன் வாட்ச்’ தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு ஸோட்டெரோ இதைச் செய்கிறது. 2020 மே 22 அன்று லான்செட் மருத்துவ இதழில் வெளியான, ஹைட்ராக்சிகுளோரோகுவின் மருந்து பற்றிய ஆய்வு ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது. கொரோனா பற்றிய என் வரைவில் அது ஏற்கெனவே இருந்தது. நூலகத்தில் அதன் மேல் சிவப்புப் பட்டை தெரிந்த பிறகுதான் அதை நம்பி எழுதியிருந்த பத்தியையே நீக்கினேன். கையால் எழுதிய பட்டியலாக இருந்திருந்தால் அது அப்படியே அச்சேறியிருக்கும்.

அனுப்புவதற்கு முன் கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, அந்தப் பிரதியில் மட்டும் ஸோட்டெரோவோடு உள்ள மேற்கோள் இணைப்புகளை அறுத்து, சாதாரண எழுத்தாக்கி இதழுக்கு அனுப்புகிறேன். மூலக்கோப்பு இணைப்புகளோடு என்னிடமே இருக்கும். திறனாய்வாளர் கருத்துகள் வந்ததும் திருத்தங்களை அதில்தான் செய்ய வேண்டும். ஒருமுறை அறுத்த கோப்பிலேயே திருத்தத் தொடங்கி, பாதியில்தான் அதைக் கவனித்தேன். அன்று 61 மேற்கோள்களை மறுபடியும் முதலிலிருந்து செருகினேன்.