உள்ள கால் வைக்காத நர்சரிக்கு ஒரு ரிவ்யூ

பாப்பா போற நர்சரி எப்படின்னு தெரிஞ்சவங்க நாலஞ்சு பேர் கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதிடறேன். ஆனா ஒண்ணு, செப்டம்பர் ஆரம்பத்துல இருந்து போறா, இன்னிக்கு 2020 நவம்பர் கடைசி, இதுவரைக்கும் நான் அந்த பில்டிங்குள்ள ஒரு தடவ கூட போனதில்ல. கொரோனா ரூல், அப்பா அம்மா கேட்டோட சரி. தரையில மஞ்ச டேப் ஒட்டியிருக்கும், அதுல நின்னு பிள்ளைய அனுப்பிட்டு அப்படியே திரும்பிடணும். நர்சரி பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், பிள்ளை இன்னும் அங்கதான் போறா. லண்டன்ல ஹாரோ பக்கம்னு வச்சுக்கோங்க.

எங்க பிளானே வேற. ஏப்ரல்ல திருச்சியில இருந்து அம்மா வந்து ஆறு மாசம் பாத்துக்கறதா இருந்துச்சு, மார்ச்ல ஃப்ளைட்ட நிறுத்திட்டாங்க, அவ்ளோதான். ரெண்டு பேருக்கும் வீட்ல இருந்தே வேல, நான் மீட்டிங்ல பேசறப்போ இவ கீபோர்டு மேல ஏறி உக்காந்துக்குவா. ஜூலைல மூணு வயசு முடிஞ்சதால செப்டம்பர் டெர்ம்ல இருந்து அரசாங்கம் தர்ற வாரம் 30 மணி நேர நர்சரி ஃப்ரீயா கிடைக்கும்னு அதுக்கான கோட் நம்பர் எடுத்தோம் (ஆகஸ்ட் 31க்குள்ள எடுத்திருக்கணும், மறந்தா ஜனவரிதான்). ஃப்ரீன்னதும் முழுசா ஃப்ரீன்னு நெனச்சுடாதீங்க, அது வருஷத்துக்கு 38 வாரம்தான், வருஷம் பூரா பிரிச்சுக்கிட்டா வாரத்துக்கு கிட்டத்தட்ட 22 மணி நேரம் வரும், மிச்சத்துக்கு காசு, சாப்பாட்டுக்கு தனி காசு.

நேர்ல பாத்து முடிவு பண்ண வழியே இல்ல. ஆஃப்ஸ்டெட் (இங்க ஸ்கூல், நர்சரிய எல்லாம் சோதிச்சு ரேட்டிங் குடுக்கற அரசு அமைப்பு) ரெகுலர் இன்ஸ்பெக்‌ஷன மார்ச்லயே நிறுத்திட்டாங்க, அதனால வெப்சைட்ல இருக்கற ரேட்டிங் எல்லாம் பழசு. ஒரு வீடியோ டூர் அனுப்புனாங்க, அதுல பாதி நேரம் சிங்க்கதான் காட்டுனாங்க. அப்புறம் தோட்டத்துல வச்சு ரெண்டு நாள் பழக விட்டாங்க, மூணாவது நாள் இவ திரும்பிக் கூட பாக்காம ஓடிட்டா, நான்தான் கார்ல உக்காந்து அழுதேன்.

இங்க இலை உதிர்ற சீசன ஆட்டம்னு சொல்றாங்கல்ல, பேருக்கு ஏத்த மாதிரி இவங்களுக்கு நெஜமாவே ஆட்டம்தான். காத்து வெளிய நல்லா வருதுன்னு நாள்ல பாதிக்கு மேல தோட்டத்துலதான் வச்சுக்கறாங்க, தூறல்னாலும் சரி மழைன்னாலும் சரி, தலையில இருந்து கால் வரைக்கும் ஒரே பீஸா ஒரு மழை சூட், கால்ல வெலிஸ்னு ரப்பர் பூட்ஸ், அவ்ளோதான் விட்டுடறாங்க சேத்துல. வீடியோ கால்ல இத பாத்துட்டு அம்மா "ஏன்டி, காசும் குடுத்து பிள்ளைய மழையில நிக்க வைக்கிறியா, சளி பிடிக்காதா" ன்னு ஒரே திட்டு. பிடிச்சுது, அது பின்னாடி சொல்றேன்.

உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு தெரிஞ்சதெல்லாம் அவ பாக்கெட் சொன்னதுதான். சாயங்காலம் பாக்கெட்ட கொட்டுனா ஏக்கார்ன் (ஓக் மரத்துக் கொட்டை), சிவப்பு இலை, அப்புறம் கான்கர் கான்கர் கான்கர், அது ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்துக் கொட்டை. பளபளன்னு பழுப்பா இருக்கும், கோலிக்குண்டு விட கொஞ்சம் பெருசு. நான் அத பாத்துட்டு செஸ்ட்நட், வறுத்து சாப்பிடலாம்னு சொன்னேன், மூணு வயசு எனக்கு பாடம் எடுக்குது, இல்லம்மா இது சாப்பிட்டா வயிறு வலிக்கும், கூட்டுல முள்ளு கொஞ்சமா இருந்தா கான்கர், முள்ளம்பன்றி மாதிரி புசுபுசுன்னு நிறைய இருந்தா சாப்பிடறதுன்னு. கூகுள் பண்ணி பாத்தேன், அவ சொன்னதுதான் கரெக்ட். அப்பவே முடிவு பண்ணிட்டேன் உள்ள யாரோ ஒழுங்கா சொல்லித் தர்றாங்கன்னு.

டெடி பேர் மாதிரி துணி பொம்மை எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டாங்களாம், பிளே டோ ஒவ்வொருத்தருக்கும் பேர் எழுதி தனி டப்பா. கை கழுவறப்போ ஹாப்பி பர்த்டே ரெண்டு தடவ பாடணும், இப்போ வீட்ல நான் அரிசி களைஞ்சாலும் பக்கத்துல நின்னு பாடறா. டீச்சருங்க பிள்ளைங்க கூட இருக்கறப்போ மாஸ்க் போடறதில்ல, கேட்டுக்கு வர்றப்போ மட்டும்தான். அதனால இவளோட கீ பெர்சன், அதாவது இவள கவனிச்சுக்கற டீச்சர், அவங்க முழு முகம் இவளுக்கு தெரியும், எனக்கு கண்ணு மட்டும்தான் தெரியும், டெஸ்கோ சூப்பர் மார்க்கெட்ல எதிர்ல வந்தா கூட கண்டுபிடிக்க மாட்டேன்.

தீபாவளி சனிக்கிழம வந்ததால வெள்ளி 13ஆம் தேதியே கொண்டாடுனாங்க. வீட்ல செஞ்சது எதுவும் கொண்டு வரக்கூடாதுன்னுட்டாங்க, முறுக்கு சுட்டு வச்சிருந்தேன், மனசுக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதுக்கு பதிலா வாசல்ல கோலம் போடறத வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, அனுப்புனேன், அத பசங்களுக்கு போட்டுக் காட்டி கலர் அரிசில ரங்கோலின்னு என்னமோ பண்ணியிருக்காங்க, உப்பு மாவுல அகல் விளக்கும் பண்ணாங்க. அன்னிக்கே சில்ட்ரன் இன் நீட் நாளும் (பிள்ளைங்களுக்காக பிபிசி நிதி திரட்டற நாள்) சேந்து வந்துருச்சு, புள்ளி போட்ட ட்ரெஸ்ல அனுப்பணும், பட்டுப்பாவாடையில ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புனேன். அதோட சின்னமா கண்ணுல கட்டு போட்ட ஒரு கரடி இருக்கும், அத பாத்துட்டு "கரடிக்கும் கொரோனாவா" ன்னு கேட்டாளாம்.

இப்போ குறை. சளி. மூக்கு ஒழுகறது கொரோனா லிஸ்ட்லயே இல்ல, காய்ச்சல், விடாம இருமல், வாசனை ருசி போறது இந்த மூணுதான், ஆனா செப்டம்பர்ல ரெண்டு தும்மல் தும்முனாலே ஃபோன் வரும், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. டெஸ்ட் எடுக்கலாம்னா அந்த மாசம் ஸ்லாட்டே கிடைக்கல. கேட்டா ஜாக்கிரதைக்குத்தான்ங்கறாங்க, அவங்க பயமும் நியாயம்தான், ஆனா எழுதி வச்ச ரூல் ஒண்ணு, நடக்கறது ஒண்ணுன்னு இருந்தா வேலைக்குப் போறவங்க என்ன பண்றது.

அக்டோபர்ல ஒரு ஸ்டாஃபுக்கு பாசிட்டிவ், இவ பபிள் (மத்தவங்களோட கலக்காம ஒண்ணா வச்சிருக்கற குரூப்) மொத்தமும் 14 நாள் வீட்ல. இதுல அவங்கள குறை சொல்ல மாட்டேன். ஆனா மெயில் வந்தது ராத்திரி பத்து மணிக்கு, மறுநாள் காலைல எட்டரைக்கு எனக்கு மீட்டிங். அதுவும் தனிமையில இருக்க வேண்டியது அவ மட்டும்தானாம், எங்களுக்கு சிம்ப்டம் இல்லன்னா நாங்க வெளிய போகலாமாம், மூணு வயசு பிள்ளைய பூட்டி வச்சுட்டா போறது? அந்த 14 நாளுக்கும் எக்ஸ்ட்ரா மணி நேர ஃபீஸ் முழுசா எடுத்தாங்க, பாதியாவது குறைங்கன்னு கேட்டேன், கான்ட்ராக்ட்ல இருக்குன்னு ஒரு வரியில பதில். சேரப்போறவங்க அந்த பக்கத்த மட்டும் ரெண்டு தடவ படிங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ரெண்டாவது லாக்டவுன்லயும் நர்சரி ஒரு நாள் கூட மூடல. ஜனவரிக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்குன்னு கேட்ல சொன்னாங்க, சேக்கறதுன்னா சீக்கிரம் சொல்லுங்க. எல்லாத்துலயும் பேர் ஒட்டி அனுப்புங்க, வெலிஸ்ல உள்பக்கமா ரெண்டு காலுக்கும் தனித்தனியா ஒட்டுங்க, எங்க வீட்ல இப்போ இருக்கறது ரெண்டுமே இடது கால்.