சுங்கை சிப்புட்டில் வாடகை வீடு: டெபாசிட் எப்போது கைக்கு வரும்?

தோட்டத்து லயத்தை விட்டு டவுன் பக்கம் வந்ததிலிருந்து வாடகை வீடுதான். வீடு மாறும்போதெல்லாம் கணக்கு ஒன்றே: இரண்டு மாத டெபாசிட், தண்ணி கரண்டுக்கு அரை மாதம், அப்புறம் முதல் மாத வாடகை. 600 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வீடென்றால் நுழையும்போதே 2,100 வெள்ளி. அதில் திரும்பி வரவேண்டியது 1,500.

முதல் வீட்டு ஆன்ட்டி சாவியை வாங்கிய கையோடு பணத்தை எண்ணிக் கொடுத்தார். கடைசி கரண்டு பில்லுக்கென்று 100 வெள்ளி மட்டும் பிடித்து, பில் வந்ததும் மீதியை அனுப்பிவிட்டார். எல்லாரும் இப்படித்தான் என்று நினைத்தோம்.

அடுத்த வீட்டுக்காரர் வேறு ரகம். முதலில் பில் வரட்டும் என்றார். பில் கட்டியதும் பெயிண்ட் என்றார், பிறகு கேட் துரு. வெயிலில் வெளுத்த சுவருக்கும் மழையில் பிடித்த துருவுக்கும் நாங்களா பொறுப்பு? அந்த வீட்டுக்குப் புதுக் குடும்பம் வந்த வாரமே எங்கள் பணமும் வந்தது. அப்போதுதான் விளங்கியது, அவர்கள் கொடுத்த டெபாசிட்தான் எங்களுக்கு வந்திருக்கிறது. எங்களுடையதை மனுஷன் எப்போதோ செலவழித்துவிட்டார்.

குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் மலேசியாவில் இல்லை. டெபாசிட்டைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்லி வீட்டுக்காரரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. அக்ரிமெண்டில் எழுதியதுதான் பேச்சு. வருமான வரி வாரியத்தில் முத்திரை வரி கட்டாத அக்ரிமெண்டைக் கோர்ட் ஆதாரமாக ஏற்காது, அதனால் அந்தச் செலவில் கஞ்சத்தனம் வேண்டாம். 5,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சிறு வழக்காக, வக்கீல் இல்லாமல் நாமே போடலாம். அதற்கு நிரப்பவேண்டிய படிவம், பாரம் 198. நான் அந்த அளவுக்குப் போகவில்லை.

கடைசி இரண்டு மாதம் வாடகை கட்டாமல் 'டெபாசிட்டில் கழிச்சுக்குங்க' என்று போகிறவர்கள் இங்கே நிறைய. கோபம் புரிகிறது. ஆனால் ஒழுங்கான வீட்டுக்காரர்களும் அதனால்தான் பயந்துபோய் இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

இப்போதைய வீட்டில் குடிவந்த அன்றே சுவர், கேட், மீட்டர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்சப்பில் அனுப்பிவிட்டேன். சாவி கொடுத்த 14 நாளில் டெபாசிட் திரும்பவேண்டும் என்று அக்ரிமெண்டில் ஒரு வரியும் கேட்டேன். படித்துப் பார்த்துவிட்டு, "பில்லே அதுக்குள்ள வராதேப்பா, ஒரு மாசம்னு போடு" என்றார். நியாயம்தான். போட்டோம்.