கல்வாய்ச்சியா, கடல் உருட்டிய கல்லா?

சிங்கப்பூரின் சாங்கி கடற்கரையில் உலோக டிடெக்டர் கூவிய இடத்தைத் தோண்டினால் ஒரு துருப்பிடித்த ஆணியோடு நாலு வழவழப்பான கற்களும் வரும், சரி, அதில் மனிதக் கை பட்டது எது? டிடெக்டர் சாதாரணக் கல்லுக்குக் கூவாது, கண்தான் பார்க்க வேண்டும். அலை உருட்டிய கல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும். கல்வாய்ச்சிக்கோ, அதாவது மரம் செதுக்கப் பழங்கால மனிதர் தீட்டிய கற்கருவிக்கோ, ஒரு முனையில் மட்டும், அதுவும் ஒரு பக்கமாகச் சரிந்த வெட்டுவாய் இருக்கும். லென்ஸ் வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தீட்டிய கோடுகள் இணையாக ஓடுவது தெரியலாம். புலாவ் உபின் தீவின் கருங்கல் மணிமணியானது, உடைந்தால் சொரசொரப்பாகத்தான் உடையும், அதன் கூர்முனையை நம்பாதீர்கள். ஈஸ்ட் கோஸ்ட் நிலமோ கடலைத் தூர்த்து உருவாக்கியது, அங்கே கிடைக்கும் கல்லுக்கு இடம் சாட்சி சொல்லாது. வாய்ச்சி போலத் தெரிந்தால் தேய்த்துக் கழுவாமல், கிடைத்த இடத்தைப் படமெடுத்து, தேசிய மரபுடைமைக் கழகத்திடம் சொல்லுங்கள்.