டைக்கோவா, தியாகராஜாவா?

விண்கல் மோதி உண்டான இந்த இரண்டு பள்ளங்களில் எது அதிக சுவாரசியம்? நிலவின் டைக்கோ பள்ளம் சுமார் 85 கி.மீ. அகலம், புதன் கோளின் தியாகராஜா அதைவிடச் சற்றே பெரிது. (ஆமாம், திருவையாற்றுத் தியாகராஜர்தான். புதனின் பள்ளங்களுக்குக் கலைஞர்கள் பெயரைத்தான் சூட்டுகிறார்கள்.)

டைக்கோவிலிருந்து நாலாபுறமும் நீளும் வெள்ளைக் கோடுகள் பௌர்ணமியன்று பைனாகுலரிலேயே தெரியும். நிலவைச் சுற்றும் எல்.ஆர்.ஓ. விண்கலம் எடுத்த படத்தில், பள்ளத்தின் நடுவே எழும் சிகரத்தின் உச்சியில் 100 மீட்டருக்கும் அகலமான ஒற்றைப் பாறை உட்கார்ந்திருக்கிறது.

என் ஓட்டு தியாகராஜாவுக்கு. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலத்தின் படங்களில், அந்தப் பள்ளத்தின் தரையெங்கும் செல்லரித்த மாதிரி, உயர்ந்த விளிம்பில்லாத ஆழமற்ற குழிகள். இந்தக் குழிகள் விண்கல் மோதலில் உண்டானவை அல்ல. பாறையிலிருந்து எளிதில் ஆவியாகும் பொருள் வெளியேறியதால் தரை உள்வாங்கியது என்று கருதுகிறார்கள். நிறம் கூட்டிய படங்களில் அவை பளிச்சென்ற நீலம்.