கொடைக்கு ஆள் தேடும்போது கலைஞர்களின் இணையதளம் எவ்வளவு உதவுகிறது? இரண்டு கொடைக்காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

வில்லிசைக் குழுவின் இணையதளத்தை ரசிகர் திறப்பது குறைவு, கொடை என்னும் ஊர்க்கோயில் விழாவை நடத்தும் கமிட்டிக்காரர்தான் அதிகம் திறக்கிறார். நாள் குறித்து ஊர் வரி பிரித்த பிறகு, ராத்திரி பத்து மணிக்குக் கோயில் நடையில் நாலு பேர் உட்கார்ந்து ஒரே போனைப் பார்க்கிறார்கள். அந்த நாள் காலியா? எங்கள் சாமி கதை பாடுவார்களா? எத்தனை பேர் வருவார்கள்? தாளத்துக்கு அடிக்கும் குடத்துக்கு யாரு? யாரிடம் பேச? நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்து வில்லிசை, கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகாட்டச் செட்டுகளின் தளங்கள் பலவற்றை இரண்டு கொடைக்காலம் இந்தக் கேள்விகளோடுதான் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் கல்யாண ஆல்பம் மாதிரி இருக்கின்றன. பொன்னாடை, கேடயம், பிரமுகரோடு நின்ற படம் எல்லாம் வரிசையாக வந்த பிறகு, அடியில் எங்கேயோ போன் நம்பர்.

பார்த்த முறை எளிது. 3 ஜிபி ராம் உள்ள பழைய ஆண்ட்ராய்டு போனில், எழுத்தளவை 130 சதவீதமாக்கி, வெயிலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. முகப்பிலிருந்து எத்தனை தட்டலில் போன் போட முடிகிறது என்று எண்ணுவது. ஒரு தட்டல் நல்லது, இரண்டு பரவாயில்லை. மூன்றாவது தட்டலுக்குள் கமிட்டிக்காரர் பழைய நோட்டீஸைத் தேட எழுந்துவிடுவார். நம்பரைப் படமாகப் போட்டிருந்தால் தட்டினாலும் ஒன்றும் நடக்காது, வேறு தாளில் எழுதித்தான் போட வேண்டும். வாட்ஸ்அப் இணைப்பில் இன்னொரு கோளாறு உண்டு. நம்பர் 91 என்று தொடங்க வேண்டும், முன்னால் சைபரோ கூட்டல் குறியோ வரக்கூடாது. சைபரோடு போட்டால் இந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை என்று வரும், பார்ப்பவர் ஆள் நம்பரை மாற்றிவிட்டார் போல என்று நினைத்துக்கொள்வார்.

அதிகம் சொதப்புவது தேதிதான். கொடையின் உச்சம் சாமக்கொடை, அதாவது நள்ளிரவு. செவ்வாய்க்கிழமை கொடை என்றால் வில்லடி செவ்வாய் மாலை தொடங்கிப் புதன் விடியும் வரைகூடப் போகும். தளத்திலோ நிகழ்ச்சித் தேதி என்று ஒரே கட்டம், நேரம் என்று இன்னொரு கட்டம். ஒருவர் செவ்வாய் என்று போடுகிறார். இன்னொருவர் பன்னிரண்டு மணி தாண்டினால் புதன்தானே என்று புதனைப் போடுகிறார். இரண்டு ஊரும் கேட்பது ஒரே ராத்திரி, நாட்காட்டியில் மட்டும் இரண்டு தனி நாள். வெளிநாட்டுக் கச்சேரிக்காரர்களுக்குச் செய்த வார்ப்புருவை அப்படியே எடுத்துப் போட்டால் இதுதான் நடக்கும். தீர்வுக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. கட்டத்தின் தலைப்பை ‘எந்தக் கிழமை இரவு?’ என்று மாற்றினால் போதும். கூடவே தமிழ் மாதம் தேர்ந்தெடுக்கும் வசதி வேண்டும், ஏனென்றால் ஊரில் யாரும் ஜூன் ஒன்பது என்று பேசுவதில்லை, வைகாசி கடைசிச் செவ்வாய் என்றுதான் பேசுகிறார்கள். கூகுள் நாட்காட்டியை மாதக் கட்டமாகப் பதித்தால் 360 பிக்சல் அகலத் திரையில் எறும்பு ஊர்ந்தது மாதிரி தெரியும். அதையே வரிசைப் பட்டியலாக மாற்றினால் படிக்கலாம். சித்திரை, வைகாசி, ஆடியில் ஏற்கெனவே பேசி முடித்த நாட்களை மட்டும் ‘தேதி குடுத்தாச்சு’ என்று வரிசையாகக் கையால் எழுதிவைத்த ஒரு சாதாரணப் பக்கம்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்தது.

அடுத்தது கதைப் பட்டியல். சுடலைமாடன் கோயிலுக்குச் சுடலை கதை, இசக்கி கோயிலுக்கு நீலி கதை, பட்டவராயனைக் கும்பிடுகிற இடத்தில் முத்துப்பட்டன் கதை. ‘அனைத்துத் தெய்வக் கதைகளும் பாடப்படும்’ என்று எழுதினால் யாருக்கும் நம்பிக்கை வராது. எந்தக் கதையை முழு ராத்திரி பாடுவார்கள், எதை மூன்று மணி நேரத்தில் சுருக்குவார்கள் என்று எழுதினால் பேச்சு பாதி முடிந்த மாதிரி. கணியான் செட்டு என்றால் பாடும் தலைவரான அண்ணாவி யார், மகுடம் என்ற தோல்பறை எத்தனை, ஆட்டக்காரர் எத்தனை பேர், கையைக் கீறிச் சாமிக்கு ரத்தம் கொடுக்கும் கைவெட்டு உண்டா என்று கேட்பார்கள். இதையெல்லாம் ஒழுங்காக எழுதிய தளம் மிகக் குறைவு. குழுத் தலைவர் பெயர் பத்து இடத்தில் வரும், குடம் அடிப்பவர் பெயர் ஒரு இடத்திலும் வராது.

ரேட் போடாததைக் குறை சொல்ல முடியாது. தூரத்துக்கும் மாதத்துக்கும் ஆள் எண்ணிக்கைக்கும் ஏற்ப அது மாறும். ஆனால் வேன் வாடகை அதில் சேருமா, மைக் செட் யார் பொறுப்பு, சாப்பாடும் தங்க இடமும் யார் தர வேண்டும் என்று நாலு வரி எழுதலாமே.

எழுத்து விஷயத்தில் பழைய பாவம் இன்னும் விடவில்லை. நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே தளத்தில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பைதான் தெரியும். நோட்டீஸையே படமாக ஏற்றினால் கண்ணுக்குத் தெரியும், தேடினால் கிடைக்காது. எந்தப் போனிலும் தெரியும் யுனிகோடுக்கு மாற்றுவது அரை மணி நேர வேலை. அப்படியே வில்லுப்பாட்டு, வில்லிசை, வில்லடி என்ற மூன்று பெயரையும், கணியான் கூத்து, கணியான் ஆட்டம், மகுடாட்டம் என்ற மூன்றையும் பக்கத்தில் ஓரிடத்திலாவது எழுத வேண்டும். ஊருக்கு ஊர் தேடும் சொல் வேறு. முகவரியில் தென்காசிப் பக்கத்து ஊர்களுக்கு இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே இருக்கிறது, தனி மாவட்டமானது 2019 நவம்பரில். தானாக மொழிபெயர்க்கும் கருவியை நம்பிய தளங்களில் முகப்புக்கு ‘வீடு’ என்றும், முன்பதிவுப் பொத்தானுக்கு ‘இப்போது புத்தகம்’ என்றும் பார்க்கலாம். ‘போன் போட’ என்று எழுதினால் எல்லாருக்கும் புரியும், பொத்தானுக்குள்ளும் அடங்கும்.

நிறத்தில் ஒரு சின்னத் திருத்தம். கோயில் நோட்டீஸ் நினைப்பில் பளிச்சென்ற சிவப்பில் மஞ்சள் எழுத்துப் போடுகிறார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள மாறுபாட்டு விகிதம் அதில் 3.7 அளவில்தான் நிற்கிறது, சாதாரண எழுத்துக்கு 4.5 வேண்டும். சிவப்பை அரக்கு நிறமாக்கினால் அதே மஞ்சளுக்கு 10 தாண்டும், மங்கலமும் போகாது. எழுத்து 18 பிக்சலுக்குக் குறையாமல், வரி இடைவெளி 1.6 மடங்கு வைத்தால் கொம்பும் கொக்கியும் மோதாது.

ஒலிக்கு வருவோம். பக்கம் திறந்ததும் நாதஸ்வரம் முழங்க வேண்டும் என்று ஒரு காலத்தில் எல்லாருக்கும் ஆசை. 2018 முதல் குரோம் அதைத் தடுத்துவிடுகிறது, நல்லதுதான். கேட்க வைக்க ஒரு பொத்தானும் நாற்பது விநாடித் துண்டும் போதும். ஒற்றைத் தடத்தில் 96 கேபிபிஎஸ் வைத்தால் சுமார் 480 கேபி, சிக்னல் தேயும் இடத்திலும் ஓடும். அந்தத் துண்டு எங்கே பதிவானது என்பது முக்கியம். கூம்புக் குழாய்க்கு முன்னால் போனை நீட்டிப் பதிவு செய்ததில் உடுக்கையும் ஜால்ராவும் காதைக் குத்தும், குடம் காணாமல் போகும். போனின் சின்ன ஸ்பீக்கருக்கு அடித்தொனியைத் தரும் சக்தி கிடையாது. கணியான் கூத்திலும் உச்ச மகுடம் கேட்கும், மந்த மகுடம் மங்கும். மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து நேரடியாக எடுத்து, குடத்துக்குத் தனி மைக் வைத்தால் ஓரளவு தப்பும். யூடியூப் பெட்டிகளை வரிசையாக எட்டு பதித்திருக்கும் பக்கங்களும் உண்டு. ஒவ்வொன்றும் படம் ஓடுவதற்கு முன்பே அரை எம்பிக்கு மேல் இழுக்கும். ஒரு படமும் இணைப்பும் வைத்தால் தட்டுகிறவருக்கு மட்டும் அந்தச் செலவு. புகைப்படமும் அப்படித்தான். போனில் எடுத்த 4 எம்பி படம் இருபது என்றால் 80 எம்பி. 1200 பிக்சலுக்குக் குறைத்து 150 கேபியாக்கினால் மொத்தமே 3 எம்பி. குலசேகரன்பட்டினம் தசராக் கூட்டத்தில் நெட்வொர்க் திணறும்போது இந்த வித்தியாசம் தெரியும்.

முதல் கொடைக்காலத்தில் திறந்த தளங்களில் சில இரண்டாவதில் திறக்கவில்லை. கூகுள் வணிகப் பக்கத்தோடு இலவசமாகக் கிடைத்த தளங்களை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது, ஜூன் 10 வரை இருந்த திருப்பிவிடலும் நின்றது. அந்த முகவரி அச்சான விசிட்டிங் கார்டுகள் இன்னும் கையில் சுற்றுகின்றன. வேறு சில தளங்களில் பாதுகாப்பற்றது என்ற எச்சரிக்கை வருகிறது. தளம் பாதுகாப்பானது என்று காட்டும் இலவசச் சான்றிதழ் 90 நாளில் முடியும், தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனதை யாரும் கவனிப்பதில்லை. ஆக மோசமானது, தளம் செய்து கொடுத்த பையனின் மின்னஞ்சலில் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, பதிவாகியிருப்பது. அவன் வேலைக்கு வெளியூர் போனதும் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் யாருக்கும் வராது. டாட் காம் என்றால், புதுப்பிக்காமல் முகவரி நீக்கப்பட்டதும் 30 நாள் மீட்புக் காலம், பிறகு 5 நாளில் யாரும் வாங்கலாம். சூதாட்டத் தளக்காரர்கள் அதற்கென்றே காத்திருக்கிறார்கள். பதிவு அண்ணாவி பெயரிலும் அவர் சொந்த மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும், புதுப்பிக்கும் பணம் மூன்று ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும்.

பங்குனி முடியும் முன் வேறொருவர் போனில் தளத்தைத் திறந்து, அங்கிருக்கிற பொத்தானைத் தட்டித் தனக்கே ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். படிவத்தையும் ஒருமுறை நிரப்பி அனுப்ப வேண்டும், யாரும் திறக்காத மின்னஞ்சலின் ஸ்பாம் பெட்டியில் போன வருஷத்துக் கேள்விகள் இன்னும் கிடக்கலாம்.